பொறியின் வெப்பமும் பெட்டைக் கருவின் சினைப்பையும்

(சந்தாபுராவில் கோழிப்பண்ணையாளர், குஞ்சு பொரிப்போர் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திரா தொழிற்பேட்டையையும் அடுத்துச் சந்தாபுரா அமைந்துள்ளது. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள பீடபூமியில் இருக்கிறது. தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் ஓசூர்; அதனையடுத்த மத்திகிரியில் 1824-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்ற அரசினர் கால்நடைப் பண்ணை உண்டு. பெங்களூரின் மறுபுறத்திலுள்ள ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழி வளர்ச்சி நிறுவனமும் பயிற்சி நிலையமும் இயங்கி வருகின்றன. கோழியைப் பற்றிய அறிவுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது.

எனினும், குஞ்சு பொரிப்போரிடையே ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் எழுகின்றது. பொரிப்புப் பொறியின் வெப்பத்தைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ பெட்டைக் குஞ்சுகள் மிகுதியாகக் கிடைக்குமா என்பதே அது. முட்டைக்கோழி இனங்களில் பெட்டைக்கே விலை உண்டு. சேவல் குஞ்சுக்கு அநேகமாக விலையே இல்லை. பொரிக்கும் குஞ்சுகளில் பாதி சேவலாக அமைவது தொழிலின் பெரும் இழப்பாகும். ஆகவே இக்கேள்வி எழுவதில் வியப்பில்லை. ஆனால் விடையறியாமல் பொறியின் திருகைத் திருப்புகின்றவர் எதை இழக்கிறார் என்பதைத் தெளிவுபடுத்துவதே இவ்வுரையின் நோக்கம்.

பால் தீர்மானமாகும் இடம்

மனித இனத்தில் குழந்தையின் பாலைத் தீர்மானிப்பது தந்தையின் அணு. பறவை இனத்தில் இது நேர்மாறு. சேவலிடம் இரண்டு ‘இசட்’ நிறக்கோல்கள் உள்ளன. பெட்டையிடம் ஓர் ‘இசட்’டும் ஒரு ‘டபிள்யூ’வும் உள்ளன. பெட்டையின் சினைமுட்டை இவ்விரண்டில் எதைத் தன்னுள் வைத்துக்கொள்கிறதோ, அதைப் பொறுத்துக் குஞ்சு சேவலாகவோ பெட்டையாகவோ அமைகின்றது. இத்தேர்வு, சினைமுட்டை சினைப்பையிலிருந்து வெளிப்படும் தறுவாயிலேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் அது சேவலின் விந்தணுவைச் சந்திக்கிறது. அதன் பிறகுதான் வெண்கருவும் ஓடும் அதனைச் சூழ்கின்றன.

எனவே, முட்டை பண்ணையாளரின் கைக்கு வரும்போதே அதன் பால் முடிவாகியிருக்கின்றது. பொறியில் வைக்கும் நேரம் வரையில் காத்திருக்கும் விஷயமன்று அது. முட்டையின் கூர்மையைப் பார்த்தும், கனத்தைப் பார்த்தும் பால் சொல்லும் வழக்கங்கள் பல நாடுகளில் இருந்துள்ளன. அவற்றுக்கு ஆதாரம் இல்லை.

சினைப்பையின் கால அட்டவணை

பால் முடிவாகியிருந்தாலும், பெட்டைக்குரிய உறுப்பு உடனே தோன்றிவிடுவதில்லை. கோழி முட்டை பொரிக்க 21 நாட்கள், அதாவது 504 மணி நேரம் ஆகின்றது. இதில் மூன்றாம் நான்காம் நாட்களில், கருவின் சிறுநீரக முன்னுருவை ஒட்டி இரு சிறு மேடுகள் எழுகின்றன. இவையே பிற்காலத்தில் சினைப்பையாகவோ விந்தகமாகவோ ஆக வேண்டியவை. இனவிருத்தி அணுக்கள் இம்மேடுகளில் பிறப்பதில்லை. கருவுக்கு வெளியே தோன்றி, இரத்த ஓட்டத்தின் வழியே பயணம் செய்து இங்கு வந்து குடியேறுகின்றன. இந்நிலையில் சேவல் கருவையும் பெட்டைக் கருவையும் உருவத்தால் வேறுபடுத்த இயலாது.

ஆறாம் ஏழாம் நாட்களில் வேறுபாடு புலனாகின்றது. பெட்டைக் கருவில் ‘அரோமடேஸ்’ என்னும் நொதி செயற்படத் தொடங்கிப் பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குகின்றது. இடப்புற மேடு தடித்துச் சினைப்பையாக வளர்கின்றது; வலப்புற மேடு வளர்ச்சி குன்றி ஒடுங்கிவிடுகின்றது. இதனாலேயே முட்டையிடும் கோழியை அறுத்துப் பார்ப்போர் இடப்பக்கத்தில் மட்டும் சினைக்கொத்தைக் காண்கின்றனர். சேவல் கருவில் இரு பக்கமும் விந்தகமாக வளர்கின்றன.

பின்னர்ச் சினைப்பைக்குள் நிகழும் பெருக்கம் வியக்கத்தக்கது. ஒன்பதாம் நாளில் ஏறக்குறைய 28,000 ஆக இருக்கும் இனவிருத்தி அணுக்கள் பதினேழாம் நாளில் ஏறக்குறைய 6,80,000 ஆகின்றன. பொரிக்கும் வேளையில் 4,80,000 அளவுக்குக் குறைகின்றன. ஆண்டுக்கு முந்நூறு முட்டையிடும் கோழியும் தன் வாழ்நாளில் இவற்றில் மிகச் சிறு பகுதியையே பயன்படுத்துகின்றது. அதன் சேமிப்பு முழுவதும் ஓட்டுக்குள் இருந்த நாட்களிலேயே உருவானது.

ஈஸ்ட்ரோஜன் இவ்வளர்ச்சிக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை எல்பிரெக்ட், ஸ்மித் என்னும் இரு விஞ்ஞானிகள் 1992-ல் காட்டினர். அரோமடேஸ் நொதியைத் தடுக்கும் மருந்தை முட்டைக்குள் செலுத்தியபோது, பெட்டைக்குரிய நிறக்கோல்களைக் கொண்ட கருவிலேயே விந்தகம் வளர்ந்தது. ஆக, நிறக்கோல் கட்டளையிடுகின்றது. சுரப்பு அதனை நிறைவேற்றுகின்றது. மருந்து அந்த நிறைவேற்றத்தைத் தடுக்க வல்லது. வெப்பத்திற்கும் அவ்வாற்றல் உண்டா?

முதலையிடம் கிடைக்கும் பாடம்

இவ்வினாவை எழுப்புவதற்குத் தக்க காரணம் உண்டு. பறவைகளுக்கு நெருங்கிய உறவினமான முதலைகளில் வெப்பமே பாலைத் தீர்மானிக்கின்றது. சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் 1976-ல் நிறுவப்பெற்ற முதலைப் பண்ணையில், சதுப்பு நில முதலையின் முட்டைகளைப் பல்வேறு வெப்பநிலைகளில் வைத்து ஆராய்ந்தனர். லாங், ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் ஆகியோர் 1989-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, 28 முதல் 31 பாகை செண்டிகிரேட் வரை மாறாத வெப்பத்தில் இருந்த முட்டைகளில் பெண் குட்டிகளே பிறந்தன, 32.5 பாகையில் ஆண் குட்டிகளே பிறந்தன. ஒன்றரைப் பாகை வேறுபாடு பாலை முற்றிலும் மாற்றிவிட்டது. கடல் ஆமைகளில் இது தலைகீழ்: மணல் சூடேறினால் பெண் குஞ்சுகள் மிகும்.

முதலைக்கும் ஆமைக்கும் இவ்வாறிருக்க, கோழிக்கு மட்டும் ஏன் இல்லை? முதலைக்குப் பால் நிறக்கோல்கள் கிடையா. வெப்பமே அங்குக் கட்டளை. கோழிக்கோ நிறக்கோல்களின் கட்டளை உறுதியாக உள்ளது. சேவலிடம் ‘இசட்’ இரண்டு இருப்பதால் அதிலுள்ள ஒரு முக்கிய மரபணு இரு மடங்காகச் செயற்படுகின்றது. அதுவே விந்தகத்தைத் தோற்றுவிக்கின்றது. 2009-ல் இம்மரபணுவின் செயலைக் குறைத்தபோது சேவல் கரு பெட்டைத் தன்மை கொண்டது. முட்டையின் மேல் படும் சிறு வெப்ப மாறுதல் இக்கட்டளையைத் திருத்துவதில்லை. தவிர, தாய்க்கோழி அடைகாக்கும்போது முட்டை பெரிதும் சீரான வெப்பத்திலேயே இருக்கின்றது. முதலையின் முட்டையோ பருவத்தின் போக்குக்கு விடப்படுகின்றது.

எண்ணிக்கை ஏமாற்றும் விதம்

பறவை இனத்திலும், அடைக்காமல் மண்ணிலும் மக்கும் இலைக்குவியலிலும் முட்டையைப் புதைத்துவிடும் இனம் ஒன்று உண்டு. நிக்கோபார் தீவுகளில் வாழும் மேட்டுக்கோழி இவ்வினத்தைச் சேர்ந்தது. இதன் ஆஸ்திரேலிய உறவினமான புதர்க்கோழியின் முட்டைகளைக் கோத், பூத் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 31, 34, 36 பாகைகளில் வைத்துப் பார்த்து 2005-ல் முடிவை வெளியிட்டனர். 34 பாகையில் ஆணும் பெண்ணும் சமமாகப் பொரித்தன. 31 பாகையில் ஆண்கள் மிகுந்தன. 36 பாகையில் பெண்கள் மிகுந்தன.

வெப்பம் பாலை மாற்றிவிட்டது என்றே இதனைக் கண்டோர் எண்ணக்கூடும். 2008-ல் வெளியான அடுத்த ஆராய்ச்சி உண்மையை விளக்கியது. பொரிக்காமல் இறந்த கருக்களையும் சேர்த்து எண்ணியபோது, உயர்ந்த வெப்பத்தில் ஆண் கருக்களும் தாழ்ந்த வெப்பத்தில் பெண் கருக்களும் கூடுதலாக மடிந்திருந்தது தெரியவந்தது. எந்த ஆணும் பெண்ணாக மாறவில்லை. ஒரு பாலின் உயிர்கள் ஓட்டுக்குள்ளேயே போய்விட்டன. குஞ்சுகளை மட்டும் எண்ணியவர்க்கு விகிதம் மாறியதாகத் தோன்றிற்று.

இதே கணக்கைச் சந்தாபுராவின் ஒரு சிறு பொரிப்பகத்தில் போட்டுப் பார்க்கலாம். உதாரணத்திற்கு, கருவுள்ள 200 முட்டைகள் வைக்கப்பட்டன என்று கொள்வோம். அவற்றில் சேவல் 100, பெட்டை 100. சரியான வெப்பத்தில் இரு பாலிலும் 88 வீதம் 176 குஞ்சுகள் பொரிக்கின்றன. வெப்பம் தவறியபோது சேவலில் 60-ம் பெட்டையில் 75-ம் பொரிக்கின்றன என வைத்துக்கொண்டால், மொத்தம் 135. பெட்டையின் விகிதம் 50 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 56 சதவீதமாக உயர்ந்துவிட்டது. முதலாளி மகிழ்கிறார். ஆனால் பெட்டைக் குஞ்சுகள் 88-லிருந்து 75 ஆகக் குறைந்திருக்கின்றன. விகிதத்தைச் சந்தையில் விற்க முடியாது; குஞ்சைத்தான் விற்க முடியும்.

பொறியின் வெப்பத்தால் பெட்டைகள் மிகும் என்று அவ்வப்போது எழும் உரிமைப் பேச்சுகளைச் சோதிக்க வழி இதுவே: பொரிக்காத முட்டைகளையும் உடைத்துப் பார்த்து, இறந்த கருக்களையும் எண்ணிய பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும்.

வெப்பம் உண்மையில் செய்வது என்ன?

வெப்பத்திற்குச் சினைப்பையோடு தொடர்பே இல்லை என்று இதிலிருந்து கொள்ளலாகாது. அது பாலை மாற்றுவதில்லை. வளர்ச்சியின் கடிகாரத்தை ஓட்டுகின்றது. வெப்பம் குறைந்தால் கரு மெதுவாக வளரும். அணுக்கள் மேடுகளில் குடியேறுவதும், இடச் சினைப்பை தடிப்பதும், அணுக்கள் பெருகுவதும் தாமதமாகும். வெப்பம் கூடினால் வளர்ச்சி முந்தும். மேலும் கூடினால் கரு மடியும். ஒரே நாளில் வைத்த இரு முட்டைகள், இரு பொறிகளில் அரைப் பாகை வேறுபாட்டில் இருந்தால், ஏழாம் நாளில் இரண்டின் சினைப்பையும் ஒரே நிலையில் இருப்பதில்லை.

இதனை உணர்ந்தே ஹாம்பர்கர், ஹாமில்டன் என்னும் விஞ்ஞானிகள் 1951-ல் கோழிக் கருவின் வளர்ச்சியை மணிக்கணக்கால் அளக்காமல், உருவ மாற்றங்களைக் கொண்டு 46 நிலைகளாக வகுத்தனர். சிறகு, கால், அலகு ஆகியவற்றின் தோற்றமே கருவின் உண்மையான வயது. பல்வேறு வெப்பங்களில் சினைப்பையை ஒப்பிட விழையும் மாணவர், ஒரே நாளுக்குரிய கருக்களை ஒப்பிட்டால் தாமதத்தைக் கெடுதி என்று தவறாக எண்ண நேரிடும். ஒரே நிலைக்குரிய கருக்களையே ஒப்பிடுதல் முறை.

எந்த வெப்பம் உகந்தது என்பதை அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த பாரட் 1937-லேயே ஆராய்ந்து வெளியிட்டார். காற்றாடி பொருத்திய பொறிகளில் 37.5 முதல் 37.8 பாகை செண்டிகிரேட், அதாவது 99.5 முதல் 100 பாகை பாரன்ஹீட், இன்றும் கடைப்பிடிக்கப்படும் அளவு. காற்றாடி இல்லாத சிறு பெட்டிகளில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியும் இருப்பதால், முட்டையின் மேல்மட்டத்தில் 101 முதல் 102 பாகை பாரன்ஹீட் வைப்பது வழக்கம். ஓர் அளவுக்கு மேல் சூடு ஏறுவதே குளிர்ச்சியைக் காட்டிலும் பெரிய ஆபத்து. சில மணி நேரக் குளிர்ச்சி பொரிப்பைத் தாமதப்படுத்தும். சில மணி நேரக் கடும் சூடு கூட்டத்தோடு கொன்றுவிடும்.

பொரிப்பகத்தில் செய்யத்தக்கவை

சந்தாபுரா வட்டாரத்தில் ஏப்ரல் மாதப் பகல் 34 பாகையை ஒட்டிச் சுடுகின்றது. சனவரி இரவு 16 பாகையை ஒட்டிக் குளிர்கின்றது. பொறி நின்றிருக்கும் அறை இவ்வேறுபாட்டைப் பொறிக்குள் கடத்தக் கூடாது. சுவர் தடிப்பாகவும், வெயில் நேரே விழாததாகவும், காற்றோட்டம் உள்ளதாகவும் அமைதல் நன்று.

முதலாவது வெப்பமானி. ஒன்றை மட்டும் நம்புதல் தவறு. பொறியில் பொருத்தியதையும், சோதித்தறிந்த மற்றொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அரைப் பாகை பிழையான வெப்பமானி, அறிந்தே திருகைத் திருப்புவோர் செய்யும் அதே கெடுதியை அறியாமலே செய்துவிடும்.

இரண்டாவது, பிந்திய நாட்களின் சூடு. பத்தாம் நாளுக்குப் பிறகு கரு தானே வெப்பத்தை வெளியிடத் தொடங்குகின்றது. பொறி 37.5 காட்டினாலும் முட்டையோட்டின் சூடு அதனைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். இந்நாட்களில் மின்சாரம் தடைப்பட்டால் முட்டை குளிர்ந்துவிடும் என்றே பலர் அஞ்சுகின்றனர். உண்மையில், காற்றாடி நின்ற பொறிக்குள் தங்கள் சூட்டினாலேயே கருக்கள் மூச்சுத் திணறுவதே முதல் ஆபத்து. கதவைச் சற்றுத் திறந்து காற்றோட்டம் தருவது அவசியம்.

மூன்றாவது, ஈரப்பதம். 900 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஓட்டின் நுண்துளைகள் வழியே நீர் சற்று விரைவாகவே வெளியேறும். பதினெட்டாம் நாள் முட்டைகளைப் பொரிப்புத் தட்டுக்கு மாற்றும் வரை, எடையில் 12 முதல் 14 சதவீதம் குறைவது இயல்பு. பத்து முட்டைகளைக் குறியிட்டு நிறுத்துப் பார்த்து வந்தால் நீர்த்தட்டின் அளவைத் திருத்திக்கொள்ளலாம்.

நான்காவதும் முக்கியமானதும் பதிவேடு. வைத்த முட்டை, கருவற்றவை, நடுவில் மடிந்தவை, ஓட்டுக்குள் மடிந்தவை, பொரித்த சேவல், பொரித்த பெட்டை என ஆறு கலம் போதும். பெட்டை விகிதம் கூடிய வாரத்தில் ஓட்டுக்குள் மடிந்தவையும் கூடியிருந்தால், அவ்வாரம் வெற்றியன்று, எச்சரிக்கையாகும்.

சேவல் குஞ்சின் கதி

வெப்பத்தால் தீராத பிரச்சினைக்கு வேறு வழிகள் உண்டு. பொரித்த அன்றே குஞ்சின் எச்சத்துளையைப் பார்த்துப் பால் அறியும் முறையை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1920-களில் வகுத்தனர். சில இனங்களில் சிறகின் நீளத்தைக் கொண்டே பால் அறியலாம். ஆயினும் இவை குஞ்சு பொரித்த பிறகே உதவுவன. சேவல் குஞ்சுகள் அழிக்கப்படுவதையோ, வண்ணம் பூசித் தெருவில் விளையாட்டுப் பொருளாக விற்கப்படுவதையோ இவை தடுப்பதில்லை.

ஜெர்மனி 2022 சனவரி முதல் சேவல் குஞ்சுகளை அழிப்பதைச் சட்டத்தால் தடை செய்தது. அங்கு, ஒன்பதாம் நாள் வாக்கில் முட்டையிலிருந்து ஒரு துளித் திரவத்தை எடுத்து ஈஸ்ட்ரோஜன் வகைச் சுரப்பு உள்ளதா என்று சோதித்து, சேவல் முட்டைகளை முன்னதாகவே விலக்கும் முறை நடைமுறைக்கு வந்துள்ளது. பெட்டைக் கருவின் இளஞ்சினைப்பை வெளியிடும் சுரப்பே இங்குச் சாட்சி சொல்கின்றது. சினைப்பையின் கால அட்டவணையை அறிந்த அறிவு, அதனைக் கலைக்கப் பயன்படாமல் அறிந்துகொள்ளப் பயன்பட்ட விதம் இது. பொறியின் வெப்பம் சீராக இருந்தால்தான் ஒன்பதாம் நாள் என்பதற்கும் பொருள் உண்டு.

சிறு பண்ணையாளர்க்கு இன்னும் எளிய வழி இவ்வட்டாரத்திலேயே தோன்றியது. பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1989-ல் வெளியிட்ட கிரிராஜா இனம் இறைச்சிக்கும் முட்டைக்கும் ஏற்றது, புறக்கடையில் வளரக்கூடியது. இத்தகைய இனத்தில் சேவல் குஞ்சு இழப்பன்று, வருவாய். பெட்டைகளை மிகுவிக்க முயல்வதைவிட, சேவலுக்கும் பயன் தரும் இனத்தைத் தேர்ந்தெடுப்பது சிறு முதலீட்டாளர்க்குப் பொருத்தமாக இருக்கக்கூடும்.

2023-24-ஆம் ஆண்டில் இந்தியாவின் முட்டை உற்பத்தி 14,277 கோடியை எட்டியது. இம்மாபெரும் எண்ணிக்கையின் பெரும்பகுதி, ஏதோ ஒரு பொறியின் இருளில், ஆறாம் ஏழாம் நாட்களில் இடப்புறத்தில் தடித்து வளர்ந்த ஒரு சிறு மேட்டிலிருந்து வந்தது. அம்மேட்டை உண்டாக்குவது பண்ணையாளரின் கையில் இல்லை. அது தன் காலத்தில் தன் வேலையைச் செய்து முடிக்க, 21 நாட்களும் மாறாத வெப்பத்தைத் தருவது அவர் கையில் உள்ளது. வெப்பமானியை நாள்தோறும் பார்த்துப் பதிவேட்டில் எழுதும் பொரிப்பகத்தில், சேவலும் பெட்டையும் சரிபாதியாகவே பொரிக்கும். ஆனால் இரண்டும் மிகுதியாகப் பொரிக்கும்.